தொழில்முனைவோரை உயர்த்தும் பண்புகள்

தொழிற்கடன் கோரி வங்கிக் கிளைக்கு வரும் விண்ணப்பத்துடன் திட்ட அறிக்கை, இயந்திரங்களுக்கான விலைப்புள்ளி, வருமான வரிக் கணக்கு, கடன் மதிப்பெண் ஆகிய அனைத்தும் இணைக்கப்பட்டிருக்கும். விண்ணப்பதாரரின் பண்பு என்னும் தலைப்பில் தனித்தாள் எதுவும் அக்கோப்பில் இருப்பதில்லை. எனினும் கடன் வழங்கும் அலுவலர் தம் மனத்துள் முதலில் எழுப்பிக்கொள்ளும் வினா அதைப் பற்றியதே: இவர் இத்தொழிலைத் தொடர்ந்து நடத்துவாரா?

ஒரே தெருவில், ஒரே வகைத் தொழிலை, ஏறக்குறைய ஒரே முதலீட்டில் தொடங்கிய இருவரில் ஒருவர் இரண்டாம் கடையைத் திறப்பதையும், மற்றவர் இருந்த கடையை மூடுவதையும் நாம் கண்டிருக்கிறோம். சந்தையின் போக்கு, இடத்தின் வசதி, நல்வாய்ப்பு ஆகியவற்றுக்கு இதில் பங்குண்டு. இவை பெரும்பாலும் நம் கையில் இல்லாதவை. தொழிலை நடத்துபவரின் பண்புகளோ அவர் கையிலேயே உள்ளவை. அப்பண்புகள் யாவை, அவற்றைப் பயின்று பெற இயலுமா என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காக்கிநாடா தந்த விடை

வணிகம் சிலருக்கு மட்டுமே குருதியில் ஊறியது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. வணிகக் குடும்பத்தில் பிறக்காதவர்கள் பலர் இவ்வெண்ணத்தாலேயே முதல் அடி எடுத்து வைக்கத் தயங்குகின்றனர். இக்கருத்தைச் சோதித்துப் பார்த்த குறிப்பிடத்தக்க ஆய்வுகளுள் ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர் டேவிட் மெக்கிளெலண்டு, ஐதராபாத்திலிருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்துடன் இணைந்து, 1964ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் காக்கிநாடா நகரைச் சேர்ந்த சிறுதொழில் நடத்துவோருக்கும் வணிகர்களுக்கும் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். பயிற்சி ஏறத்தாழப் பத்து நாட்களே நடைபெற்றது. கடன் வசதியோ புதிய இயந்திரமோ அதில் வழங்கப்படவில்லை. எட்டத்தக்க இலக்கை வகுத்துக்கொள்ளுதல், செய்ததன் விளைவை அளந்து பார்த்தல், தடைகளை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் ஆகிய சிந்தனைப் பழக்கங்களே கற்பிக்கப்பட்டன. பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைக் காட்டிலும் கூடுதலான அளவில் புதிய முயற்சிகளில் இறங்கினர் என்பதும், கூடுதலாக முதலீடு செய்தனர் என்பதும் பின்னர் தெரியவந்தன. இம்முடிவுகள் 1969இல் நூலாகவும் வெளிவந்தன.

மெக்கிளெலண்டின் ஆய்வுகளில் மற்றொன்றும் நினைவுகூரத்தக்கது. தரையில் நட்ட முளையின்மீது வளையத்தை எறியும் விளையாட்டில், எவ்வளவு தொலைவில் நிற்பது என்பதை விளையாடுவோரின் விருப்பத்துக்கே விட்டார். சிலர் முளைக்கு மிக அருகில் நின்றனர். சிலர் மிகத் தொலைவில் நின்று நல்வாய்ப்பை நம்பி எறிந்தனர். சாதிக்கும் ஊக்கம் மிகுந்தவர்களோ, முயன்றால் எட்டக்கூடிய நடுத்தரத் தொலைவைத் தேர்ந்தெடுத்தனர். தொழில்முனைவோர் என்போர் கண்ணை மூடிக்கொண்டு பாய்பவர்கள் என்னும் கருத்து எவ்வளவு பிழையானது என்பதை இது உணர்த்துகிறது.

அளந்து துணிதல்

நடுத்தரத் தொலைவில் நிற்பது என்பதன் பொருளை மும்பையின் கிர்காம் பகுதியில் தோன்றிய ஒரு நிறுவனத்தின் வரலாறு விளக்கும். 1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், குஜராத்தி இல்லத்தரசிகள் எழுவர் தம் குடியிருப்பின் மொட்டைமாடியில் கூடி அப்பளம் இடத் தொடங்கினர். ஜஸ்வந்திபென் போபட் அவர்களுள் ஒருவர். சமூகப் பணியாளர் ஒருவரிடம் கடனாகப் பெற்ற 80 ரூபாயே முதல். முதல் நாளில் உருவானவை நான்கே பொட்டலங்கள். இன்று ‘லிஜ்ஜத்’ என்னும் பெயரில் நாடெங்கும் அறியப்படும் அந்நிறுவனத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்கின்றனர்.

அந்த எழுவரும் துணிவற்றவர்கள் அல்லர். வீட்டு வாசலைத் தாண்டிப் பொருளீட்டுவதே பெண்களுக்கு அரிதாயிருந்த காலத்தில் அவர்கள் எடுத்த முடிவு பெரியது. ஆனால் முயற்சி பொய்த்திருந்தாலும் எந்தக் குடும்பமும் தெருவுக்கு வந்திராது. இழந்தால் தாங்கத்தக்க அளவு எது என்பதைத் தம்மையறியாமலே அவர்கள் வரையறுத்திருந்தனர். அமெரிக்காவில் பணிபுரியும் இந்திய வம்சாவளிப் பேராசிரியர் சரஸ் சரஸ்வதி, அனுபவம் மிக்க தொழில்முனைவோரின் சிந்தனை முறையை ஆராய்ந்து, ‘எவ்வளவு ஈட்டலாம்’ என்பதைவிட ‘எவ்வளவு இழந்தால் தாங்கலாம்’ என்பதையே அவர்கள் முதலில் கணக்கிடுகின்றனர் என்று எடுத்துரைத்தார். வரப்போகும் ஆதாயத்தை எண்ணிக் கையிலுள்ள முதலையே இழக்கச் செய்யும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்னும் கருத்து, திருக்குறளின் ‘தெரிந்து செயல்வகை’ அதிகாரத்திலும் உண்டு.

2015இல் தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தின் படிநிலைகளும் இப்பண்பை வளர்க்க உதவுபவையே. ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும், ‘கிஷோர்’ பிரிவில் 5 லட்சம் வரையிலும், ‘தருண்’ பிரிவில் 10 லட்சம் வரையிலும் கடன் பெறலாம். தருண் கடனைப் பெற்று முறையாகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு 20 லட்சம் வரை வழங்கும் ‘தருண் பிளஸ்’ பிரிவு 2024இல் சேர்க்கப்பட்டது. தகுதி இருக்கிறது என்பதற்காக முதல் கடனையே பெருந்தொகையாகப் பெற வேண்டியதில்லை. சிறிய தொகையில் தொழிலைக் கற்று, அதைத் திருப்பிச் செலுத்திய வரலாற்றையே அடுத்த படிக்கு ஏணியாக்கிக்கொள்வது அளந்து துணிபவரின் வழி.

வாங்குபவரின் இடத்தில் நின்று பார்த்தல்

தாம் விற்க விரும்புவதைப் பற்றிப் பேசுபவர் பலர். வாங்குபவருக்கு எது தேவை என்று கேட்பவர் சிலர். குஜராத் அரசின் சுரங்கத் துறையில் ஆய்வகப் பணியாளராக இருந்த கர்சன்பாய் படேல், 1969ஆம் ஆண்டில் தம் வீட்டுக் கொல்லையிலேயே சலவைத்தூள் தயாரித்து, அகமதாபாத்தில் மிதிவண்டியில் வீடு வீடாகச் சென்று விற்றார். அந்நாளில் சலவைத்தூள் வசதி படைத்தோரின் பொருளாகவே இருந்தது. முன்னணித் தூளின் விலை எளிய குடும்பங்களுக்கு எட்டாத நிலையில், கிலோ ஏறக்குறைய 3 ரூபாய்க்கு அவர் தம் தூளை அளித்தார். இல்லத்தரசிகளிடம் நேரில் பேசி விற்றதால், அவர்களுடைய மனநிறைவும் மனக்குறையும் இடைத்தரகர் வழியாக அன்றி அன்றன்றே அவர் செவியை எட்டின. மகளின் பெயரால் அவர் தொடங்கிய ‘நிர்மா’ பிற்காலத்தில் பன்னாட்டு நிறுவனங்களின் விற்பனை உத்தியையே மாற்றியமைத்தது.

கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயுடன் ‘சிக்’ ஷாம்பூவைத் தொடங்கியபோதும் இதே பண்பே துணைநின்றது. மாதச் சம்பளக்காரர் பெரிய புட்டியை வாங்கி வைக்கலாம். நாட்கூலி பெறுபவர் அன்றைய தேவைக்கே வாங்க இயலும். இதை உணர்ந்திருந்தமையால் சிறு பொட்டலத்தையே அவர் தம் சந்தையாக்கினார். ஷாம்பூ பழக்கமில்லாத ஊர்களில் மக்கள் கூடும் இடங்களில் தலையைக் கழுவிக் காட்டி விளக்கினர். காலிப் பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்தால் புதியது ஒன்றை இலவசமாகப் பெறலாம் என்றும் அறிவித்தனர். இந்நிறுவனமே பின்னர் ‘கெவின்கேர்’ எனப் பெயர் பெற்றது.

இவ்விருவரிடமும் பெரிய ஆய்வு நிறுவனங்களின் சந்தை அறிக்கை இருக்கவில்லை. கேட்கும் பொறுமை இருந்தது. கடையின் கல்லாவில் அமர்ந்திருப்பவர், ‘இதில் தங்களுக்கு என்ன குறை?’ என்று நாள்தோறும் ஐந்து வாடிக்கையாளரிடம் கேட்கத் தொடங்கினால், அவருடைய சந்தை ஆய்வும் அன்றே தொடங்கிவிடும்.

கற்றுக்கொண்டே தொடர்தல்

விடாமுயற்சி என்னும் சொல் அடிக்கடி தவறாகப் பொருள்கொள்ளப்படுகிறது. பலன் தராத செயலையே மீண்டும் மீண்டும் செய்வது விடாமுயற்சி ஆகாது. நோக்கத்தை விடாமல், வழியை மட்டும் மாற்றிக்கொள்ளும் மனநிலையே தொழிலுக்குத் தேவையானது.

கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர். பெண்களுக்கான மாதவிடாய் அணையாடையைக் குறைந்த விலையில் தயாரிக்க முனைந்த அவர், முதலில் பஞ்சைக் கொண்டு முயன்று தோற்றார். விற்பனையில் உள்ள அணையாடைகளில் இருப்பது மரக்கூழிலிருந்து பெறப்படும் நார் என்பதை அறியவே அவருக்கு இரண்டாண்டுகளுக்கு மேலாயிற்று. அந்நாரைப் பதப்படுத்தும் இயந்திரங்கள் கோடிக்கணக்கில் விலைபோயின. அதற்காக முயற்சியைக் கைவிடாமல், எளிய இயந்திரத்தைத் தாமே வடிவமைத்தார். ஊராரின் ஏளனத்தையும் குடும்பத்தாரின் பிரிவையும் அவர் இடையில் தாங்க நேர்ந்தது. தம் இயந்திரத்தை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு விற்பதையே வழியாகக் கொண்ட அவருக்கு 2016இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கிரண் மஜும்தார் ஷா ஆஸ்திரேலியாவில் மது வடித்தல் தொழில்நுட்பம் பயின்று திரும்பியவர். பெண் என்பதால் அத்துறையில் தலைமைப் பணி இங்கே அவருக்குக் கிட்டவில்லை. நொதித்தல் பற்றிய அதே அறிவை நொதிகள் தயாரிப்பின்பால் திருப்பி, 1978இல் பெங்களூரில் வாடகைக்கு எடுத்த ஒரு வாகனக் கொட்டகையில் 10,000 ரூபாய் முதலீட்டுடன் ‘பயோகான்’ நிறுவனத்தைத் தொடங்கினார். பப்பாளியிலிருந்து பெறப்படும் நொதி அதன் தொடக்ககாலப் பொருட்களுள் ஒன்று. இளம் வயது, பெண் என்னும் தயக்கம், எவரும் அறியாத புதிய துறை ஆகிய மூன்றும் சேர்ந்து, வங்கிகள் கடன் தரத் தயங்கின. பின்னர் ஒரு வங்கி முன்வந்தது. ஒரு மறுப்பு என்பது இறுதித் தீர்ப்பன்று என்பதற்கு இது சான்று. மறுப்புக்கான காரணத்தைக் கேட்டறிந்து, திட்டத்தைத் திருத்திக்கொண்டு மீண்டும் வருபவரை எந்த வங்கி அலுவலரும் மதிப்பார்.

லிஜ்ஜத் எழுவருக்கும் இத்தகைய சோதனை வந்தது. மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை; முதலாண்டில் நான்கு மாதங்கள் உற்பத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலையும் அடுப்பையும் வாங்கினர். கட்டிலின்மேல் அப்பளம், அதன்கீழ் அடுப்பு. மழை பெய்தாலும் வேலை நிற்கவில்லை. பெருமுதலீடு கோரும் இடர்ப்பாடுகள் எனத் தோன்றுபவை பலவும் இவ்வாறு உற்றுநோக்கலாலேயே தீர்கின்றன.

கணக்கில் நேர்மை

இதுவரை கூறிய பண்புகள் வெளியுலகைச் சார்ந்தவை. இனிக் கூறுவது தமக்குத் தாமே உண்மையாக இருத்தல். சிறுதொழில்கள் பல நலிவதற்கு விற்பனைக் குறைவைவிட, வீட்டுப் பணமும் தொழிற்பணமும் ஒரே பெட்டியில் கலப்பதே காரணமாகிறது.

எடுத்துக்காட்டாக ஓர் அடுமனையை எண்ணிப் பார்ப்போம். மாத விற்பனை 2,00,000 ரூபாய். மூலப்பொருளுக்கு 1,20,000, ஊதியத்துக்கு 30,000, வாடகைக்கும் மின்சாரத்துக்கும் 25,000 போக 25,000 ரூபாய் எஞ்சும். கடன் தவணை 12,000. ஆக, உரிமையாளர் வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தக்கது 13,000 ரூபாய் மட்டுமே. கணக்கு எழுதாதவருக்கு இந்த எண் தெரியாது. கல்லாவில் நாள்தோறும் பணம் புரள்வதைக் கண்டு, பள்ளிக் கட்டணம், உறவினர் வீட்டு விசேஷம் என்று சிறிது சிறிதாக மாதம் 20,000 எடுத்துவிடுகிறார். மாதந்தோறும் 7,000 ரூபாய் பற்றாக்குறை. ஆறு மாதங்களில் அது 42,000 ஆகிறது. அதாவது மூன்றரைத் தவணைக்கு ஈடான தொகை. விற்பனை ஒரு ரூபாய்கூடக் குறையாமலே அவர் கடன் நிலுவையில் விழுகிறார். ‘வியாபாரம் நன்றாகத்தானே நடந்தது, பணம் எங்கே போயிற்று?’ என்ற திகைப்பே மிஞ்சும்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். உரிமையாளர் தமக்கென ஒரு மாத ஊதியத்தை வரையறுத்து, அதை மட்டுமே எடுக்க வேண்டும். அன்றைய வரவு செலவை அன்றே எழுத வேண்டும். விற்பனைத் தொகை வங்கிக் கணக்கின் வழியே செல்லுமானால், அதுவே பின்னாளில் கூடுதல் கடனுக்குச் சான்றாகவும் அமையும். விற்பனையைக் குறைத்துக் காட்டி வரியை மிச்சப்படுத்த எண்ணுபவர், கடன் கேட்கும் நாளில் தம் தொழிலின் உண்மையான அளவை மெய்ப்பிக்க இயலாமல் தவிப்பதுண்டு.

பிறரை நம்பிப் பொறுப்பளித்தல்

தொடக்கத்தில் எல்லாவற்றையும் தாமே செய்வது இயல்பு. தொழில் வளர்ந்த பின்னும் சாவி, கொள்முதல், கணக்கு, வாடிக்கையாளர் அனைத்தும் ஒருவர் கையிலேயே இருந்தால், அவர் நோயுற்ற நாளில் தொழிலும் படுத்துவிடும். லிஜ்ஜத்தில் பணிபுரியும் பெண்கள் அனைவரும் உறுப்பினர்கள். இலாபத்திலும் நட்டத்திலும் பங்குடையவர்கள். ஒருவரையொருவர் சகோதரி என்றே அழைக்கின்றனர். மாவைப் பெற்றுச் சென்று தத்தம் வீட்டிலேயே அப்பளம் இட்டுத் தருகின்றனர். தரம் குறைந்தால் அது அனைவரின் இழப்பாகிறது. ஆயிரக்கணக்கான வீடுகளில் உருவாகும் பொருள் ஒரே தரத்தில் இருப்பதற்கு இவ்வுரிமை உணர்வு ஒரு முக்கியக் காரணம். சிறு கடையிலும் ஓர் ஊழியரைக் கொள்முதலுக்கும் மற்றொருவரைக் கணக்குக்கும் பழக்கி வைப்பது அதே நம்பிக்கையின் தொடக்கமாகும்.

தொல்லை நேர்கையில் முன்வந்து பேசுதல்

தொழிலில் சறுக்கல் வராத ஆண்டு அரிது. பெரிய வாடிக்கையாளர் பணத்தை நிறுத்தி வைக்கலாம், மூலப்பொருள் விலை ஏறலாம், இயந்திரம் பழுதடையலாம். அப்போது ஒருவர் செய்யும் முதற்செயலிலேயே அவருடைய மனவுறுதி வெளிப்படும். சிலர் வங்கியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பை எடுப்பதில்லை. தவணையைச் செலுத்த வெளியில் அதிக வட்டிக்குக் கடன் வாங்குகின்றனர். அடமானத்தில் உள்ள வீடும், ஈடாக வைத்த நகையும் கைவிட்டுப் போவது பெரும்பாலும் இவ்வழியில்தான்.

காலத்தின் கணக்கைத் தெரிந்துகொள்வது இங்கே இன்றியமையாதது. தவணைக் கடனின் அசலோ வட்டியோ 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால், அது வாராக்கடனாக வகைப்படுத்தப்படுகிறது. அதற்கு முன்பே, முதல் 30 நாட்கள், 60 நாட்கள் வரை, 90 நாட்கள் வரை என மூன்று படிகளில் அது சிறப்புக் கண்காணிப்பின்கீழ் வந்துவிடும். முதற்படியில் உள்ளபோது வங்கியால் செய்யத்தக்க உதவிகள் பல. 90 நாட்கள் கடந்தபின் அவை சுருங்கிவிடும். சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் மறுவாழ்வுக்கென ரிசர்வ் வங்கி 2016இல் வகுத்த நெறிமுறையின்படி, தொழில் நலிவடையக்கூடும் என அஞ்சும் கடனாளர், வங்கி அழைக்கும்வரை காத்திராமல் தாமே முன்வந்து விண்ணப்பிக்கலாம். தவணைக் காலத்தை நீட்டித்தல் போன்ற தீர்வுகள் அதன்வழி ஆராயப்படும்.

பிறரிடம் வரவேண்டிய பணத்தைக் கேட்பதற்கும் இதே துணிவு வேண்டும். 2006ஆம் ஆண்டின் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ பெற்றவர், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் செலுத்தியாக வேண்டும். தவறினால் கூட்டு வட்டியும் தர வேண்டும். ‘உத்யம்’ பதிவு பெற்ற நிறுவனங்கள் இணையத்தளத்தின் வழி முறையிடலாம். பெரிய வாடிக்கையாளரை இழந்துவிடுவோமோ என்று அஞ்சி வாய்திறவாமல் இருப்பவர், தம் ஊழியரின் ஊதியத்தையே அவருக்கு வட்டியில்லாக் கடனாகத் தருகிறார் என்பதை உணர வேண்டும்.

நாள்தோறும் பயிலும் வழி

மேற்கூறிய பண்புகளை ஒருசேரப் பெற்றுப் பிறந்தவர் எவருமிலர். காக்கிநாடாவில் கற்பிக்கப்பட்டதைப் போல, அவற்றைச் சிறு பழக்கங்களாக்கிக்கொள்ள இயலும். ஒவ்வொரு மாத இறுதியிலும் கீழ்க்காணும் வினாக்களைத் தமக்குத் தாமே கேட்டு, விடையை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவது பயன் தரும்.

1. இம்மாதம் தொழிலிலிருந்து வீட்டுக்கு எவ்வளவு எடுத்தேன்? வரையறுத்த அளவைத் தாண்டினேனா?

2. அடுத்து எண்ணியுள்ள முயற்சி பொய்த்தால் எவ்வளவு இழப்பேன்? அதை என் குடும்பம் தாங்குமா?

3. வாடிக்கையாளர் கூறிய குறைகளுள் எதைத் திருத்தினேன்?

4. பலன் தராத எந்த வழியை இன்னும் விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறேன்?

5. பத்து நாட்கள் நான் இல்லாவிடில், எந்த வேலை நின்றுபோகும்?

6. யாரிடம் பேச வேண்டியதைத் தள்ளிப்போட்டு வருகிறேன்?

இவற்றுள் ஆறாம் வினாவுக்கே விடை எழுதுவது கடினமாக இருக்கும். அந்த விடையில் வங்கியின் பெயர் இருக்குமானால், மறுநாளே கிளைக்குச் சென்று மேலாளரைக் காண்பது நலம். கையில் கணக்கேட்டை எடுத்துச் செல்ல மறவாதீர்கள். நிலைமை எப்படியிருப்பினும், உண்மையான எண்களுடன் வரும் வாடிக்கையாளருக்கு உதவ வழி காண்பது வங்கிக்கு எளிது.